மெடிக்கல் வைக்கப் போகும் பிள்ளைகளுக்கு

டி.ஃபார்ம் முடித்து, பதிவு எண்ணும் வாங்கிக்கொண்டு, "ஐயா, கடை போடப் போறேன்" என்று வன்னியம்பட்டிக்கு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் உண்டு. ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக 17 வருஷம் இருந்தேன். திரும்பி வந்து உங்களைப் போலவே படித்தேன். கல்லாவில் உட்கார்ந்தது அதைவிட அதிக வருஷம். கடை பெஞ்சில் உட்காரவைத்து அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. உங்கள் கடை கடைசி இடம் இல்லை. அடிபட்டவனைக் குணமாக்குவது உன் வேலையல்ல, அடுத்த நிலையம் வரை உயிரோடு சேர்ப்பதே உன் வேலை என்பதுதான் லக்னோ ராணுவப் பயிற்சி மையத்தில் நான் கற்றது. ரத்தத்தை நிறுத்து, மூச்சைப் பார், சீட்டில் நேரத்தைக் குறி, பின்னால் அனுப்பு. மருந்துக் கடையும் அப்படி ஒரு சாவடிதான். யாருக்கு மாத்திரை போதும், யாரை ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதித் தொழில் கைவந்துவிட்டது.

2. இதை நானே ஒருநாள் மறந்தேன். மார்கழி மாதம், ராத்திரி ஒன்பது மணி. தறிக்குப் போகிற ஒருவர் வந்து, "வாயு பிடிச்சிருக்கு, மாத்திரை குடுங்க" என்றார். கொடுத்தேன், சில்லறையும் எண்ணிக் கொடுத்தேன். அந்தக் குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததைக் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. விடியுமுன் இறந்துவிட்டார். பட்டாளத்தில் இருந்திருந்தால் முதலில் நாடி பிடித்திருப்பேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றதால் அவரை மாத்திரை வாங்க வந்தவராக மட்டும் பார்த்துவிட்டேன். அன்று முதல் வாயு மாத்திரை கேட்கும் பெரியவர்களிடம் கேட்கிறேன்: வேர்க்கிறதா, தாடைக்கோ கைக்கோ வலி போகிறதா, நடந்தால் கூடுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையம் எது, எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்று கடை திறக்கும் முன்பே நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

3. 'செட்' போடாதீர்கள். கடை திறந்த முதல் வாரமே யாராவது வந்து, "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு செட் போட்டுக் குடுங்க" என்பார்கள். ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை என்று அட்டையிலிருந்து வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் செட். சில கடைகளில் கூடவே ஒரு ஸ்டீராய்டும் போகும். மறுநாள் காய்ச்சல் விட்டுவிடும், கைராசிக்காரர் என்று பெயரும் வரும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்குமே தவிர நோயைத் தொடாது. டெங்குவாக இருந்தால் அந்த வலி மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இரண்டு வேளையோடு நிற்கும் ஆன்டிபயாட்டிக்கில் சாகாமல் தப்பிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு இதே மனிதர் உண்மையான நோயோடு டாக்டரிடம் போனால், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு "ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள்" என்பதைத் தவிர அவரிடம் பதில் இருக்காது. நான் மறுத்ததால் முதல் இரண்டு வருஷம் கடை காற்று வாங்கியது. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அதற்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, மறுத்ததற்கு இல்லை.

4. சர்டிபிகேட்டை வாடகைக்கு விடாதீர்கள். மருந்தைக் கொடுக்கும் உரிமையை 1948-ஆம் வருஷத்து ஃபார்மசி சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான் கொடுத்திருக்கிறது, சுவரில் தொங்கும் சர்டிபிகேட்டுக்கு இல்லை.

5. எச்1 பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். எச்1 என்பது 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மருந்துப் பட்டியல். வீரியமான ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, டிரமடால், அல்பிரசோலம் எல்லாம் அதில் உண்டு. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்காக மட்டும் எழுதுகிற நோட்டு இல்லை இது. ஒரே பையன் மாசத்துக்கு மூன்று சீட்டோடு வருகிறான் என்பதை எனக்குச் சொன்னது அந்த நோட்டுதான். அவனைத் திட்டவில்லை. அவன் அம்மாவை அழைத்துப் பேசினேன்.

6. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்துவிட்டால் அது வீண். கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

7. பேண்டேஜ் துணி நம் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்வது. வெளியூர்களுக்கெல்லாம் போகிற அந்தச் சரக்கைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சுருளாக வரும் துணி கட்டுப் போடத்தான். திறந்த புண்ணின் மேல் ஸ்டெரைல் பாக்கெட்டில் வரும் காஸ்தான் படலாம்.

8. மலையடிவாரத்தில் தொழில் செய்கிறோம். பாம்பு கடித்தவர் வந்தால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், கடித்த காலை அசைக்காமல் வண்டியில் ஏற்றுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். நம் ராஜபாளையம் நாயே ஆனாலும் ஊசி போட்டாக வேண்டும்.

9. இலவசமாகக் கிடைப்பதை மறைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததும் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போனது. என் கடையில் வியாபாரம் குறைந்தது. கூலிக்குப் போகிற தாய்மார்களுக்கு அதில் பெயர் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

10. ஊர்ப் பெரியவர் ஆவது தானாக நடக்கும். யாருக்கு என்ன மாத்திரை என்று தெரிந்தவன் வாய் திறக்காமல் இருந்தால், பத்திரத்தையும் பென்ஷன் தாளையும் அவனிடமே கொண்டு வருவார்கள். படைவீரர்களின் விதவைகளுக்கு வருஷாவருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கவும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டைக்கு எழுதவும் கடை பெஞ்சிலேயே உதவுகிறேன். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நிற்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். எனக்கு ஓட்டுப் போடாதவர் நடுராத்திரியில் என் கதவைத் தட்டத் தயங்குவார். ஆனால் கிராம சபைக்குத் தவறாமல் போவேன். போகும்போது பில் புத்தகம் கையில் இருக்கும். எந்தத் தெருவுக்கு, எந்த வாரத்தில், எத்தனை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போனது என்று வாசிப்பேன். பிறகு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்பேன்.