கடனை அடைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்!



ஏலக்காய் நல்ல காயா, சாயம் ஏற்றிய காயா என்று நம் உறுப்பினர்களிடம் கேட்டால் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்கள். போடியில் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பவர்களும், விடிகாலை ஜீப் பிடித்து போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தம்பாறை பக்கம் காய் எடுக்கப் போகிறவர்களும் நம்மில் நிறையப் பேர். காயில் சாயத்தைக் கண்டுபிடிக்கிற நாம், பேச்சில் பூசிய சாயத்தைக் கண்டுபிடிக்கிறோமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

நடந்தது என்ன?

நம் உறுப்பினர் ஒருவரின் கணவர், செல்போன் வாங்கப் போன இடத்தில் கிரெடிட் கார்டும் வாங்கி வந்தார். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று கார்டில் 30,000 ரூபாய் கடன் ஏறிவிட்டது. காய் எடுப்பு முடிந்து மலையில் வேலை குறைந்த மாதங்களில் தவணை கட்ட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து தெருவுக்கு ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அச்சடித்த நோட்டீஸ். "ரிசர்வ் வங்கிக்கு மனு போட்டு உங்க கடனை முழுசா தள்ளுபடி பண்ணித் தர்றோம். சான்றிதழ் கொடுப்போம். அதுவரைக்கும் பேங்குக்கு ஒரு பைசா கட்டாதீங்க" என்றார். பதிவுக் கட்டணம் 3,000, வக்கீல் கட்டணம் 3,500. அந்தச் சகோதரி காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து 6,500 ரூபாயைக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து வங்கி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் சான்றிதழை நீட்டினார். "இது செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து கடன் 36,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. நோட்டீஸ்காரரின் போன் அணைந்து கிடந்தது.

"குழுவுல சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டோம். "கடன்காரின்னு நெனப்பாங்கன்னு கூச்சமா இருந்துச்சுக்கா" என்றார். இதில் எங்கள் தவறும் இருக்கிறது. கூட்டத்தில் சந்தா, தவணை, கையெழுத்து என்று பதிவேட்டைப் பார்த்தோமே தவிர, "வீட்டுல வேற கடன் இருக்கா?" என்று யாரையும் கேட்டதில்லை.

ரிசர்வ் வங்கி சொன்னது

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. நாடு முழுவதும் இப்படி விளம்பரம் செய்து, கட்டணம் வாங்கிக்கொண்டு 'கடன் தள்ளுபடி சான்றிதழ்' கொடுக்கிறார்கள் என்று 2023 டிசம்பர் 11-ஆம் தேதி ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. அப்படிச் சான்றிதழ் கொடுக்க இவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. இவர்களை நம்பினால் பண நஷ்டம்தான். காவல் துறையிடம் புகார் செய்யுங்கள் என்று சொன்னது.

உண்மையான தள்ளுபடி எப்படி இருக்கும்? 31.3.2021 வரை கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கி நிலுவையில் இருந்த சுமார் 2,756 கோடி ரூபாய் கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அதை அரசே அறிவித்தது, ஆணை போட்டது, கூட்டுறவுச் சங்கமே கணக்கை முடித்தது. இதற்காகத் தெருவில் யாரும் பதிவுக் கட்டணம் வாங்க வேண்டியிருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காண

1. வேலை முடியும் முன்பே பணம் கேட்பார்கள்.
2. "வங்கிக்குத் தவணை கட்டாதே, வங்கியோடு பேசாதே" என்பார்கள்.
3. முழுக்கடனும் போகும் என்று உறுதி கொடுப்பார்கள். அப்படி உறுதி கொடுக்க வெளி ஆள் யாராலும் முடியாது.
4. "இன்னைக்கே சேரணும், நாளைக்கு முடிஞ்சிடும்" என்று அவசரப்படுத்துவார்கள்.
5. ஆதார், பாஸ்புத்தகம், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் கேட்பார்கள்.
6. "குழுவுல சொல்லாதீங்க" என்பார்கள்.

இதில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு கடனைச் செல்போன் செயலியில் எடுத்து இந்தக் கடனை அடைக்கலாம் என்று யார் சொன்னாலும் அதையும் கேட்காதீர்கள். ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டுகிற கதை அது.

கார்டு கடன் ஏன் குறைவதில்லை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி என்றால் 1,050 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 189 ரூபாய். 'குறைந்தபட்சத் தொகை' என்று 5 சதவீதம், அதாவது 1,500 ரூபாய் கட்டுகிறோம். அசலில் கழிவது வெறும் 261 ரூபாய்தான்! அதே 30,000 ரூபாய் குழுவின் உள்கடனாக ஒரு ரூபாய் வட்டிக்குக் கிடைத்தால் மாத வட்டி 300 ரூபாய். எனவே குழுவில் பணம் இருந்தால், முதலில் வட்டி அதிகமான கடனை அடைப்பது லாபம். ஆனால் அதன் பிறகு கார்டைத் திரும்பத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இரண்டு கடனும் தலையில் நிற்கும்.

கடன் கட்ட முடியவில்லை என்றால்

* முதலில் குழுவில் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, மாதத் தவணை என்ன.
* ஒளியாமல் நேரே வங்கிக்குப் போங்கள். வருமானம் குறைந்ததை எழுத்தில் கொடுத்து, தவணையாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.
* வங்கி ஒரே தடவையாகக் குறைத்துக் கட்டச் சொன்னால், கடிதம் கையில் வந்த பிறகு கட்டுங்கள். வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், தனி ஆள் கையில் வேண்டாம். முடிந்ததும் 'நிலுவை இல்லை' சான்று வாங்குங்கள். இப்படிக் குறைத்து முடித்தது சிபில் பதிவில் தெரியும். பின்னால் கடன் கிடைப்பது சிரமமாகலாம் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.
* வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.
* பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி 15100.

மிரட்டினால் பயப்பட வேண்டாம். வங்கிக் கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான் நேரம். கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தொந்தரவு செய்வது எல்லாம் விதிமீறல். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-லும் சட்டம் வந்திருக்கிறது.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா?

போனில் அல்லது வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணில் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ரசீது, நோட்டீஸ், போன் எண் எதையும் தூக்கிப் போடாமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆதார், காசோலை கொடுத்திருந்தால் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது...

குழுத் தலைவியும் நாங்களும் அவரோடு வங்கிக்குப் போனோம். தாமதக் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்து, 12 தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்திருக்கிறார். 6,500 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் இன்னும் இரண்டு பேர், "எங்க தெருவுக்கும் அவர் வந்தாரு, பேர் எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றார்கள். அவர்கள் பணம் கட்டியிருக்கவில்லை. ஒருவர் வாய் திறந்ததால் இரண்டு குடும்பம் தப்பியது.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் தெருவுக்கு இப்படி யாராவது வந்தார்களா? என்ன சொன்னார்கள்?
2. கார்டு, தவணைப் பொருள், செயலிக் கடன் எந்த வீட்டில் இருக்கிறது? சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும். சொன்னவரை யாரும் குறை பேசக் கூடாது என்று முதலிலேயே தீர்மானம் போடுங்கள்.
3. வேலை இல்லாத மாதங்களுக்கென்று காய் எடுப்புக் காலத்திலேயே தனிச் சேமிப்பு தொடங்கலாமா? மாதம் எவ்வளவு?
4. 1930, 14448, 15100 ஆகிய எண்களைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டீர்களா?

படிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மலைக்குப் போய்விட்டுக் கூட்டத்துக்கு வர முடியாத சகோதரிகளுக்கு ஜீப்பில் வரும்போதாவது சொல்லுங்கள்.