நிறத் தேர்வுக் கருவி பிழைபடுவது ஏன்?

மாவட்டத் திட்ட அறிக்கைகளில் நிலப்படங்கள் இன்றியமையாத இடம் பெறுகின்றன. வறட்சிக்குட்பட்ட வட்டாரங்கள் ஒரு நிறத்திலும், பாசன வசதி பெற்றவை வேறொரு நிறத்திலும் காட்டப்படுகின்றன. நிறம் பிழைபட்டால் தகவலும் பிழைபடும். நிதி ஒதுக்கீடு பற்றிய முடிவும் தவறாகக் கூடும். எனவே, படத் திருத்த மென்பொருளில் நிறத் தேர்வுக் கருவி சரிவர இயங்காதபோது, அதன் காரணத்தை முறைப்படி ஆராய்தல் வேண்டும்.

இதற்குக் ‘கிம்ப்’ மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1995-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர் இதனைத் தொடங்கினர். இது விலையின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருளாகும். இத்தகைய மென்பொருள்களை அரசு அலுவலகங்கள் ஏற்பதற்கான கொள்கையை மைய அரசு 2015-இல் வெளியிட்டது.

இருவகைக் கருவிகள்

ஒரு புள்ளியின் நிறத்தை எடுப்பது ஒரு கருவி. ஒரே நிறமுள்ள பகுதிகள் அனைத்தையும் தேர்வது மற்றொன்று. எந்தக் கருவியில் குறை தோன்றுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

காரணங்கள்

முதலாவது, அடுக்கு. படம் பல அடுக்குகளாக அமைந்திருக்கும். கருவியோ சில அமைப்புகளில் நடப்பு அடுக்கை மட்டுமே நோக்கும். ஆதலின் கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒன்றாகவும், கருவி எடுக்கும் நிறம் வேறாகவும் அமையலாம். எல்லா அடுக்குகளையும் சேர்த்து நோக்கும் விருப்பத்தைத் தெரிவு செய்தால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, நிற முறை. சாம்பல் நிற முறையிலுள்ள படத்தில் சிவப்பைத் தீட்டினாலும் சாம்பலே தோன்றும். அட்டவணை முறையில் அதிக அளவாக 256 நிறங்களே உண்டு; பிற நிறங்கள் அவற்றுள் நெருங்கியதாக மாற்றப்படும். படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் கொண்ட முறைக்கு மாற்றுவதே தீர்வு.

மூன்றாவது, வரம்பளவு. இது 0 முதல் 255 வரை அமையும். மிகக் குறைத்தால் சில புள்ளிகளே தேர்வாகும். மிகக் கூட்டினால் அண்டை வட்டாரமும் சேர்ந்துவிடும். ஜேபெக் கோப்பில் சுருக்கத்தின் விளைவாக ஒரே நிறப்பரப்பிலும் நுண்ணிய வேறுபாடுகள் உண்டாகின்றன. நிலப்படங்களைப் பிஎன்ஜி வடிவில் சேமித்தால் இவ்விழப்பு நேராது.

நான்காவது, தேர்வு முறை. முந்தைய தேர்வுடன் பொதுவான பகுதியை மட்டும் கொள்ளும் முறை இயங்கினால், முந்தைய தேர்வு இல்லாதபோது எதுவுமே தேர்வாகாது.

ஆய்வு முறை

ஒரே அடுக்குள்ள புதிய படத்தில் இரு நிறங்களைத் தீட்டிக் கருவியைச் சோதித்துப் பார்க்கலாம். அங்குச் சரியாக இயங்கினால் குறை பழைய கோப்பில் உள்ளது. இல்லையேல், கருவியின் அமைப்புகளை இயல்பு நிலைக்கு மீட்க வேண்டும். அதன் பின்னும் குறை நீடித்தால் மட்டுமே மென்பொருளை மீண்டும் நிறுவலாம்.

செலவற்ற சோதனைகளை முதலில் முடித்து, செலவு மிக்கவற்றை இறுதியில் மேற்கொள்வதே சிக்கனமான வழி. புதிய கணிப்பொறிக்குக் கோரிக்கை அனுப்புமுன் இச்சில நிமிட ஆய்வை நடத்துவது பொதுப்பணத்தைக் காக்கும். அறிக்கையின் நம்பகத்தன்மையையும் காக்கும்.