ஹைட்ரஜன்களை எண்ணும் காந்தம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர் ஒருவரின் மகள், பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு வேதியியல் படிப்பவள், பழைய வினாத்தாள் ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இந்தக் கணக்குக்கு இரண்டு விடை வருகிற மாதிரி இருக்கிறது. எதை எழுதுவது?"

பார்த்தேன். ஓர் எஸ்டர். அதில் நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன். அதன் என்.எம்.ஆர். நிறமாலையில் 1.26-இல் மூன்றாகப் பிரிந்த முகடு, 2.05-இல் ஒற்றை முகடு, 4.12-இல் நான்காகப் பிரிந்த முகடு. பொருள் எது என்பதே வினா. "மூன்றும் நான்கும் சேர்ந்து வந்தால் எத்தில் தொகுதி" என்று அவள் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் எத்தில் அசிடேட்டிலும் எத்தில் தொகுதி உண்டு, மெத்தில் புரோப்பியோனேட்டிலும் உண்டு. இரண்டிலும் ஒரு தனி மெத்தில் இருப்பதால் ஒற்றை முகடும் வரும். அவளுடைய சந்தேகம் நியாயமானதே. மனப்பாடம் கைவிடும் இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது என்று அவளிடம் சொல்லி உட்கார வைத்தேன். அன்று சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே என்.எம்.ஆர். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். அதை வலிமையான ஒரு காந்தத்தின் நடுவே வைத்தால் இரண்டே நிலைகள்தான்: புலத்தோடு ஒத்துப்போவது ஒன்று, எதிர்த்து நிற்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது. வானொலி அலையே போதும், ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தள்ளிவிடலாம். 1.41 டெஸ்லா புலத்தில் 60 மெகாஹெர்ட்ஸ் அலை வேண்டும். அந்தப் புலம் நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அப்படியிருந்தும், 20 லட்சம் ஹைட்ரஜன் கருக்களில் ஒத்துப்போகும் பக்கம் சுமார் 10 கருக்களே கூடுதலாக இருக்கும். கருவிக்குக் கிடைக்கும் குரல் அந்தப் பத்தின் குரல்தான். மேலும் மேலும் பெரிய காந்தம் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்பதன் காரணம் இதுதான், பேராசை அன்று.

(மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் இதே தத்துவம்தான். 'நியூக்ளியர்' என்ற சொல்லைக் கேட்டு நோயாளிகள் பயப்படக்கூடாது என்று அங்கே அதை விட்டுவிட்டார்கள். இதில் அணுக்கதிர் எதுவும் கிடையாது.)

எல்லா ஹைட்ரஜனும் ஒரே இடத்தில் முகடு தந்தால் வேதியியலாருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவையும் சுற்றி எலெக்ட்ரான் போர்வை இருக்கிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அது போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போர்வை மெலிந்த ஹைட்ரஜன் வேறோர் இடத்தில் முகடு தரும். டெட்ராமெத்தில்சிலேன் என்ற பொருளின் முகட்டைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து பத்து லட்சத்தில் எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்று அளக்கிறோம். 4.12 என்பதெல்லாம் அந்த அளவுதான்.

இனி அந்தப் பெண்ணின் கணக்கு. எத்தில் அசிடேட்டில் எத்திலின் இரண்டு ஹைட்ரஜன்கள் ஆக்ஸிஜனை ஒட்டியுள்ளன. ஆகவே நான்காகப் பிரிந்த முகடு 4.1 வரை தள்ளிப்போகிறது. மெத்தில் புரோப்பியோனேட்டில் ஆக்ஸிஜனை ஒட்டியிருப்பது தனி மெத்தில். அங்கே ஒற்றை முகடுதான் 3.7-க்குப் போகும்; நான்கு பிரிவு முகடு 2.3-இலேயே நின்றுவிடும். பிரிவும் ஒன்றே, பரப்பும் ஒன்றே, இடம்தான் வேறு. விடை எத்தில் அசிடேட்.

முகடு ஏன் பிரிகிறது என்பதையும் அவள் கேட்டாள். பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜன்களும் குட்டிக் காந்தங்கள் அல்லவா? அண்டையில் இரண்டு இருந்தால், இரண்டும் மேல்நோக்கலாம், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இரண்டு வகையில் நிற்கலாம், இரண்டும் கீழ்நோக்கலாம். ஆக 1:2:1 என்று மூன்று கோடுகள். அண்டையில் மூன்று இருந்தால் 1:3:3:1 என்று நான்கு. எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் விதி இப்படித்தான் வந்தது. காரணம் தெரிந்தபின் விதியை மறந்தாலும் பரவாயில்லை.

இந்த எத்திலுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கும் ஹார்வர்டில் பர்செலும் தனித்தனியே ஒத்ததிர்வைக் கண்டு 1946-இல் வெளியிட்டார்கள். 1952-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இயற்பியலாருக்கு அப்போது வேண்டியிருந்தது அணுக்கருவின் காந்த அளவு மட்டுமே. 1950-இல் பிராக்டர், யூ இருவரும் அம்மோனியம் நைட்ரேட்டில் நைட்ரஜனை அளந்தபோது ஒன்றுக்குப் பதில் இரண்டு கோடுகள் வந்தன. தாங்கள் தேடிய அளவைக் குழப்பும் தொல்லையாகவே இயற்பியலார் அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, தர்மாட்டி, பக்கார்டு மூவரும் எத்தில் ஆல்கஹாலை வைத்துப் பார்த்தார்கள். 1:2:3 என்ற பரப்பில் மூன்று மேடுகள் தெரிந்தன. ஓர் ஆக்ஸிஜன் ஹைட்ரஜன், நடுவில் இரண்டு, கடைசியில் மூன்று. மூலக்கூறின் அமைப்பைக் காகிதத்தில் எண்ணிப் பார்க்கும் வித்தை அங்கே வேதியியலாரின் கைக்கு வந்தது. அந்த மூவரில் நடுப்பெயருக்கு உரியவர் இந்தியர். தர்மாட்டி 1953-இல் பம்பாய் வந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த ஆய்வைத் தொடங்கினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் 1951-லேயே ஜி. சூரியன் பாயும் திரவங்களில் அணுக்கரு ஒத்ததிர்வை ஆராய்ந்து எழுதியிருந்தார். கொலாபாப் பக்கம் போகும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. எங்கள் பாடப்புத்தகத்திலும் இல்லை.

பிற்பாடு எர்ன்ஸ்ட், ஆண்டர்சன் என்பவர்கள் ஒவ்வோர் அலையாகத் தேடுவதை விட்டு, வீணையின் எல்லாத் தந்திகளையும் ஒரே மீட்டில் ஒலிக்கச் செய்து, கலந்த நாதத்தைக் கணக்கினால் பிரிக்கும் முறையை 1966-இல் கொண்டுவந்தார்கள். எர்ன்ஸ்டுக்கு 1991-இல் நோபல் கிடைத்தது. இயற்கையில் 1.1 சதவீதமே உள்ள கார்பன்-13 கருவைக்கூட அன்றாடம் பார்க்க முடிந்தது இதனால்தான்.

இனி என் சொந்தக் கதை. ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாளில் ஓர் எத்தில் எஸ்டரைக் காரத்தால் சிதைத்து அமிலமாக்க வேண்டியிருந்தது. செய்தேன். வெள்ளைப் பொடி கிடைத்தது. மாதிரியை நிறமாலைக்கு அனுப்பி இரண்டு வாரம் காத்திருந்தேன். வந்த தாளில் 1.26-இல் மூன்று, 4.12-இல் நான்கு. எத்தில் போகவே இல்லை என்று முடிவு கட்டினேன். காரத்தைக் கூட்டினேன், சூட்டைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன். ஆறு வாரம் போயிற்று. கடைசியில் பொடி பழுப்பாகிக் கெட்டதே மிச்சம்.

கருவியை இயக்கியவர் ஒரு மராட்டியர், பட்டம் எதுவும் இல்லாதவர். என் தாளைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "இந்த முகட்டுக்குக் கீழே 0.7 என்று இருக்கிறதே, முக்கால் ஹைட்ரஜன் எங்கே கிடைக்கும்?" பென்சீன் வளையத்தின் நான்கு ஹைட்ரஜன்களுக்கு 4 என்று வைத்தால் எத்திலுக்கு 2 வர வேண்டும். வந்தது 0.7. நான் அதைக் கருவிப் பிழை என்று தள்ளிவிட்டிருந்தேன். 2.05-இல் இருந்த ஒற்றை முகட்டை ஏதோ அழுக்கு என்று பார்க்காமலே விட்டிருந்தேன். பொடியை எதில் கரைத்துப் படிகமாக்கினாய் என்று கேட்டார். எத்தில் அசிடேட்! வெற்றிடத்தில் ஓர் இரவு உலர்த்தி மறுபடி எடுத்தபோது மூன்று முகடுகளும் போய்விட்டன. முதல் நாளே அமிலம் புட்டியில் தயாராக இருந்திருக்கிறது. இன்றும் 2.05 என்ற எண்ணைக் கண்டால் எனக்கு முகம் சுளிக்கும்.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடப்புத்தக நிறமாலை கல்யாணப் படம் மாதிரி; எல்லாரும் குளித்துத் தலைவாரி நிற்பார்கள். கரைப்பானும் ஈரமும் அழுக்கும் அதில் வராது. அதை மட்டுமே பார்த்துத் தேர்வில் தேறியவன் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என்னைப் போலத்தான் விழிப்பான். பெரும்பாலான கல்லூரிகளில் இந்தக் கருவி இல்லை. பெரிய காந்தத்துக்குத் திரவ ஹீலியம் வேண்டும், அதன் சூடு மைனஸ் 269 டிகிரி. ஹீலியமோ நமக்கு இறக்குமதிச் சரக்கு. ஹீலியம் வேண்டாத மேசைக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன என்றாலும், சாதாரணக் கல்லூரிக்கு அவையும் எட்டாத விலைதான்.

நான் விரிவுரையாளரான பிறகு ஒரு வழி செய்தேன். கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியார் மாதிரிகளையும் எடுத்துத் தரும் மத்திய அரசுக் கருவி மையங்கள் பம்பாய், சென்னை ஐ.ஐ.டி.க்கள் போன்ற இடங்களில் உண்டு. அங்கே தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மட்டும் அனுப்புவோம். தாளை நகலெடுத்து எல்லா மாணவர்களுக்கும் கொடுப்பேன். எண்ணெய் மூலக்கூறின் கிளிசரால் பகுதியில் நான்கு ஹைட்ரஜன்கள் 4.1 முதல் 4.3 வரை வரும். அந்தப் பரப்பை 4 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 5.3 அருகே இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன்களும் கிளிசராலின் நடு ஹைட்ரஜன் ஒன்றும் சேர்ந்து வரும். அந்தப் பரப்பில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒரு மூலக்கூறில் எத்தனை இரட்டைப் பிணைப்பு என்பது கிடைக்கும். கடலை எண்ணெயில் மூன்றை ஒட்டி வரும். தேங்காய் எண்ணெயில் அரைக்கும் கீழே. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுந்து, "அரைப் பிணைப்பு எப்படி சார் இருக்கும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தச் சோதனை. பின்னம் வந்தால் குப்பியில் இருப்பது கலவை, நாம் பார்ப்பது சராசரி. என் 0.7-உம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்கணக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன். நிறமாலையில் இரண்டே தொகுதிகள்: 1.2-இல் மூன்றாகப் பிரிந்தது, 3.5-இல் நான்காகப் பிரிந்தது. பரப்பு 3:2. மொத்தம் ஐந்துதானே ஆகிறது, மீதி ஐந்து ஹைட்ரஜன் எங்கே போயிற்று? விடை கண்டவர்கள் ஞாயிறு மாலை நூலகத்துக்கு வந்து சொல்லலாம்.