அடிபம்பு சொல்லித்தரும் பாடம்

வாலாஜாபாத் பகுதிப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் பலரின் பெற்றோர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். பொருள்களின் வடிவமைப்பைப் பற்றிப் பேச ஏற்ற வகுப்பறை இது. தொடங்குவதற்குத் தெருவோர அடிபம்பே போதும்.

அறிமுகம்

1970-களின் தொடக்கத்தில் நம் நாட்டுக் கிராமங்களில் இருந்த வார்ப்பிரும்பு அடிபம்புகளில் பெரும்பாலானவை விரைவிலேயே பழுதாகின. அவை மேலைநாட்டுப் பண்ணைவீடுகளில் ஒரு குடும்பம் பயன்படுத்திய பம்புகளைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. இங்கோ ஊரே ஒரு பம்பில் நாள் முழுவதும் தண்ணீர் அடித்தது. நீரும் பாறைக்கடியில் ஆழத்தில் இருந்தது. பம்பு நின்றால் பெண்களும் சிறுமியரும் மீண்டும் குளத்துக்கும் திறந்த கிணற்றுக்கும் குடத்துடன் நடந்தனர்.

மகாராட்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யூனிசெப் ஆதரவுடன் 'இந்தியா மார்க் 2' உருவானது. எஃகு உடல், ஒற்றைச் சுழலச்சில் இயங்கும் கைப்பிடி, தண்டை நேராக இழுக்கும் சங்கிலி ஆகியவை தேய்மானத்தைக் குறைத்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் இது கள ஆய்வுக்கு உட்பட்டது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற, குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஆள்களும் வண்டியும் தேவை. பழுது பார்ப்பவரும் பயனாளர்தானே! குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே எடுக்கும் 'மார்க் 3' பின்னர் வந்தது.

செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, அருகிலுள்ள அடிபம்பு அல்லது பள்ளிக் குடிநீர்க் குழாயை அரைமணி நேரம் உற்றுநோக்கச் செய்யலாம். மூன்று கட்டங்களில் குறிப்பெடுக்கட்டும்.

1. யார்? சிறுவர், முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, பழுது பார்ப்பவர்.
2. என்ன வேலை? குடம் நிரப்புதல், கை கழுவுதல், சுத்தம் செய்தல்.
3. எந்த இடம்? வெயில், சேறு, வழுக்கும் தளம், இருட்டு.

"பிடிக்கிறதா?" என்று கேட்பதைவிட, "செய்து காட்டுங்கள்" என்று சொல்லிக் கவனிப்பது அதிகம் கற்றுத்தரும். பயன்படுத்த வராதவர் யார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பீடு

ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு மாற்றத்தைப் படமாக வரைந்து, அது யாருக்கு, எந்த வேலையில், எந்தச் சூழலில் உதவும் என்று விளக்க வேண்டும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம், காரணத்துக்கு வழங்குவோம். இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் நின்று உழைக்கும் பெற்றோரிடமும் இதே மூன்று கேள்விகளை மாணவர்கள் கேட்டு வந்தால், மறுநாள் வகுப்புக்குப் புதிய பாடம் கிடைக்கும்.