தாவர ஸ்டீரால்களும் குடலின் வாயில்காப்போரும்

உண்ட உணவு முழுவதும் உடலிற் சேர்ந்துவிடுகின்றதென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. வாய்வழிச் சென்ற பொருள் குடலினுள் இருக்குமளவும், நுட்பமாக நோக்குமிடத்து, உடலுக்குப் புறத்தேதான் இருக்கின்றது. குடலின் உட்சுவரைக் கடந்து இரத்தத்திற் கலந்த பின்னரே அஃது உடலுக்கு உரியதாகும். ஆகவே அச்சுவரை ஒரு நகரத்தின் மதிலுக்கு ஒப்பிடலாம். எதனை உள்ளே விடுதல் வேண்டும், எதனைத் திருப்பியனுப்புதல் வேண்டும் என்பதை அது வேளைதோறும் தேர்ந்து செய்கின்றது. அத்தேர்வு பிறவியிலேயே பிழைபட்டால் நேர்வது யாது என்பதைத் தாவர ஸ்டீரால்கள் என்னும் ஒருவகைப் பொருள்களைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

கொலஸ்டிரால் என்னும் பெயரைக் கேளாதார் இக்காலத்தில் அரியர். அது ஸ்டீரால் என்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள். விலங்குகளின் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுக்கு அஃது உறுதியளிக்கின்றது. பித்த அமிலங்களும் ஹார்மோன்கள் சிலவும் அதினின்றே உண்டாகின்றன. விலங்குகளுக்குக் கொலஸ்டிரால் எவ்வாறோ அவ்வாறே தாவரங்களுக்கும் தமக்குரிய ஸ்டீரால்கள் உள. ஸிட்டோஸ்டிரால், காம்பெஸ்டிரால், ஸ்டிக்மாஸ்டிரால் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றிற்கும் கொலஸ்டிராலுக்கும் உள்ள வேற்றுமை மிகச் சிறிது. கொலஸ்டிராலின் வால் போன்ற பக்கக் கிளையில் இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு கூறு கூடுதலாக ஒட்டியிருப்பின் அது ஸிட்டோஸ்டிரால். ஒரு கார்பன் அணு கொண்ட கூறு ஒட்டியிருப்பின் காம்பெஸ்டிரால். நல்லெண்ணெய், கடலையெண்ணெய் முதலிய எண்ணெய்களிலும், கொட்டைகளிலும், பருப்புகளிலும், தானியங்களிலும் இவை அடங்கியுள்ளன. பொதுவான உணவை உண்பார் ஒருவர் நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இவற்றை உட்கொள்ளுகின்றார். கொலஸ்டிராலை உட்கொள்ளும் அளவும் பலர்க்கு ஏறக்குறைய இதுவே.

இவ்வாறு உணவில் ஒத்த அளவினவாக இருந்தும், உடலிற் சேருமிடத்து இவ்விரண்டும் ஒத்து நிற்பதில்லை. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துவந்த ருடால்ப் ஷோன்ஹைமர் என்னும் அறிஞர், விலங்கின் குடல் தாவர ஸ்டீரால்களை ஏற்பதில்லை என்னும் கருத்தை 1929-ஆம் ஆண்டிலேயே சோதனைகளால் நிலைநாட்டினார். பிற்காலத்தார் நுண்ணிய கருவிகளைக் கொண்டு அளந்தபோது, உண்ட கொலஸ்டிராலில் ஏறக்குறைய பாதி உடலிற் சேர்வதும், ஸிட்டோஸ்டிராலில் நூற்றுக்கு 5 பங்கும் சேராமையும் விளங்கின. நலமுள்ளார் ஒருவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத் தெளிநீரில் ஸிட்டோஸ்டிரால் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே காணப்படும்.

இரண்டு கார்பன் அணுக்களின் வேற்றுமையைக் குடல் எவ்வாறு அறிகின்றது? இவ்வினாவிற்கு நெடுங்காலம் விடை கிடைத்திலது. நுழைவாயிலில் நின்று ஸ்டீரால்களை உள்ளே வாங்கும் புரதம் ஒன்று 2004-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. என்.பி.சி.1.எல்.1 என்பது அதன் பெயர். அது கொலஸ்டிராலோடு தாவர ஸ்டீரால்களையும் உள்ளே வரவிடுகின்றது. உள்ளே வந்த கொலஸ்டிராலிற் பெரும்பகுதி கொழுப்பமிலத்தோடு பிணைக்கப்பட்டு, கொழுப்புத் துகள்களில் ஏற்றப்பெற்று, இரத்தத்திற்கு அனுப்பப்படுகின்றது. தாவர ஸ்டீராலோ அங்ஙனம் எளிதிற் பிணைக்கப்படுவதில்லை. அதனைப் பற்றி மீண்டும் குடலின் குழியினுள்ளேயே தள்ளிவிடும் வேறு இரு புரதங்கள் உள. அவை ஸ்டீரோலின்-1, ஸ்டீரோலின்-2 எனப்படும். இவ்விருவரையே யாம் வாயில்காப்போர் என்றது. இருவரும் கைகோத்து நின்றாலன்றி இத்தொழில் நடவாது. ஒருவர் இல்லாதவிடத்து மற்றவரும் பயன்படார். காவலுக்குத் தப்பி இரத்தத்தை அடைந்த சிறு பங்கையும், கல்லீரலில் நிற்கும் இவ்விருவரே பித்தநீரின் வழியாக வெளியேற்றுகின்றனர். ஆகவே இரட்டைக் காவல் என்க.

காவல் உண்டென்பதை உலகம் அறிந்தது, காவல் இல்லாதாரைக் கண்ட பின்னரே. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பட்டாச்சாரியா, கானர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், உடன்பிறந்த இரு பெண்களைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டனர். அப்பெண்களின் தசைநாண்களிற் கொழுப்புக் கட்டிகள் பல தோன்றியிருந்தன. இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் இரத்தத்திற் கொலஸ்டிரால் அளவிறந்து மிகுந்தோர்க்கே வருவன. இவர்க்கோ கொலஸ்டிரால் அத்துணை மிகுந்திருக்கவில்லை. இம்முரண்பாட்டைச் சிறிதென்று தள்ளிவிடாது, இரத்தத்திலுள்ள ஸ்டீரால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கியபோது, அங்கே இருத்தற்காகாத ஸிட்டோஸ்டிராலும் காம்பெஸ்டிராலும் ஸ்டிக்மாஸ்டிராலும் இருக்கக் கண்டனர். உண்ட ஸிட்டோஸ்டிராலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அப்பெண்களின் உடலிற் சேர்ந்துகொண்டிருந்தது. இந்நோய்க்கு ஸிட்டோஸ்டிரோலீமியா என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இதன் காரணம் புலப்பட மேலும் 26 ஆண்டுகள் சென்றன. 2000-ஆம் ஆண்டின் இறுதியில், ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்னும் இரு ஜீன்களில் ஏதேனும் ஒன்று பழுதுறுவதே இந்நோயின் வித்து என்பது வெளியாயிற்று. ஜீன் என்பது பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வரும் பரம்பரைக் கூறு. இவ்விரு ஜீன்களும் 2-ஆம் குரோமோசோமில் தலையோடு தலை சேர்ந்து அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன் கூறிய வாயில்காப்போர் இருவரையும் ஆக்குவன இவையே. ஒவ்வொரு ஜீனும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக நமக்கு வருகின்றது. ஒரு படி பழுதுற்றும் மற்றொன்று செவ்வையாக இருப்பின் நோய் தோன்றுவதில்லை. ஒரே ஜீனின் இரு படிகளும் பழுதுற்றவிடத்தே நோய் தோன்றும். ஆதலால் தாமறியாமலே ஒவ்வொரு பழுதுற்ற படியைத் தாங்கிய பெற்றோர், தாம் நலமாயிருந்தும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு இந்நோயைத் தர நேர்கின்றது. குருதியுறவினர் ஒருவரையொருவர் மணக்குமிடத்து, ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடத்தும் இருத்தல் கூடும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டார் இதனை அறிந்திருத்தல் நன்று.

காவல் நீங்கிய உடலில் நிகழ்வன யாவை? நோயுற்றாரின் குடல், உண்ட ஸிட்டோஸ்டிராலில் நூற்றுக்கு 15 முதல் 60 பங்கு வரை உட்கொள்ளுகின்றது. கல்லீரலும் அதனை வெளியேற்ற இயலாது நிற்கின்றது. அதனால் 100 மில்லிலிட்டர் தெளிநீரில் 10 மில்லிகிராமுக்கு மேலாகவும், சிலர்க்கு 60 மில்லிகிராம் வரையிலும் அது தேங்குகின்றது. குதிகாலின் பின்புறமுள்ள நாணிலும், முழங்கையிலும், முழங்காலிலும், கைவிரல் நாண்களிலும் இளமையிலேயே மஞ்சள் நிறக் கட்டிகள் எழுகின்றன. மூட்டுகள் நோகின்றன. இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் தடித்து, இளவயதிலேயே மாரடைப்பால் இறந்தோரும் உளர். அன்றியும், இரத்த அணுக்களின் சவ்விலே தாவர ஸ்டீரால் புகுந்துகொள்ளுவதால், சிவப்பணுக்கள் வடிவம் கெட்டு அழிந்து சோகை உண்டாதலும், இரத்தம் உறைதற்கு உதவும் தட்டணுக்கள் எண்ணிற் குறைந்து உருவிற் பெருத்தலும் உண்டு. மத்தியதரைக் கடற்புறத்து மக்களிடையே தனியொரு நோயாக எண்ணப்பட்டுவந்த ஓர் இரத்தக் கோளாறு, உண்மையில் இந்நோயே என்பது 2005-ஆம் ஆண்டில் தெளியப்பட்டது.

இனி, இந்நோயிற் பெரிதும் அஞ்சத்தக்கது அதனை வேறொன்றாகப் பிறழ உணர்தலேயாம். மருத்துவச் சாலைகளில் வழக்கமாகச் செய்யும் கொலஸ்டிரால் சோதனை, தாவர ஸ்டீராலையும் கொலஸ்டிராலென்றே கணக்கிட்டுவிடுகின்றது. ஆதலின், கட்டிகளோடு வரும் குழந்தையை, பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகும் பிறிதொரு நோயினதென்று கொண்டுவிடுதல் எளிது. அந்நோய்க்குரிய ஸ்டாட்டின் மருந்துகள் கொலஸ்டிரால் உடலினுள் உண்டாவதைத் தடுப்பன. இந்நோயினரிடத்திலோ அவ்வுற்பத்தி முன்னரே ஒடுங்கியிருத்தலால் அம்மருந்து பெரும்பயன் தருவதில்லை. அதனினும் கொடியது ஒன்றுண்டு. பிறர்க்கு நலமென்று பரிந்துரைக்கப்படும் தாவர எண்ணெய்களும், கொலஸ்டிராலைக் குறைத்தற்பொருட்டுத் தாவர ஸ்டீரால் சேர்த்து விற்கப்படும் மார்கரின் போன்றவையும் இக்குழந்தைக்கு நஞ்சாகும். ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்கு நோயாவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தட்டணுக்கள் குறைந்ததை மட்டும் கண்டு வேறு நோயென்று துணிந்து, மண்ணீரலை அறுத்து நீக்கிய நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளிற் காணப்படுகின்றன.

பிழை நேராதிருத்தற்கு வழியும் உண்டு. பெற்றோர் இருவர்க்கும் கொலஸ்டிரால் இயல்பாயிருக்கக் குழந்தைக்கு மட்டும் கட்டிகள் இருத்தல். தாய்ப்பாலுண்ணும் பருவத்தில் மிக உயர்ந்து நின்ற கொலஸ்டிரால் பால்குடி மறந்தபின் தாழ்தல். கட்டிகளோடு சோகையும் பெருந்தட்டணுக்களும் கூடியிருத்தல். ஸ்டாட்டினுக்கு இணங்காமை - இவற்றுள் ஒன்று தோன்றினும் ஸ்டீரால்களைத் தனித்தனியே பிரித்தறியும் வாயு வண்ணப்படிவுச் சோதனை செய்தல் வேண்டும். ஜீன் சோதனை அதனை உறுதிப்படுத்தும்.

கண்டறிந்தபின் மருத்துவம் அரிதன்று. நுழைவாயிலையே அடைக்கும் எஸெட்டிமைப் என்னும் மருந்து அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. நோயாளர் 37 பேரைக் கொண்டு நடத்தி 2004-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், 8 வாரங்களில் அவர்தம் இரத்தத்து ஸிட்டோஸ்டிரால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றும் கொலஸ்டிரமின் போன்ற மருந்தும் துணைசெய்யும். எண்ணெய், கொட்டை, எள் போன்ற வித்து, சாக்கலேட் ஆகியவற்றைக் குறைத்தல் வேண்டும். கடற்பாசியுண்டு வாழும் சிப்பி முதலியவற்றிலும் அத்தகைய ஸ்டீரால்கள் உளவாதலின் அவற்றையும் விலக்குதல் நலம். தாவர உணவை முற்றும் ஒழித்து வாழ்தல் எவர்க்கும் இயலாதாகையால், உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

இதனைப் படித்து, நலமுள்ளார் எவரும் எண்ணெயையும் பருப்பையும் அஞ்சற்க. அவர்தம் வாயில்காப்போர் விழிப்பாகவே இருக்கின்றனர். யாம் வற்புறுத்துவது வேறு. அந்த இரு சகோதரிகளின் உடலிற் கட்டிகள் இருந்தன. கொலஸ்டிரால் கணக்கோ அதற்கு ஒத்துவரவில்லை. ஒவ்வாத அந்தக் கணக்கை ஒதுக்காமல் அதன் பின்னே சென்றமையாலேயே ஒரு நோயும், அதன் வாயிலாக நம் அனைவரின் குடலிலும் உள்ள காவலும் வெளிப்பட்டன. சோதனைச்சாலையில் எண்கள் ஒத்துவாராதபோது அவற்றைத் திருத்தி எழுதிவிடும் ஆசை மாணவர்க்கு எழுவதுண்டு. அவ்வாசையை வென்று, ஒவ்வாததை ஒவ்வாததென்றே குறித்து வைக்கும் பழக்கத்தை இக்கல்லூரியிலேயே கைக்கொள்வார்களாக. நாளை அவர்தம் முன் வந்து நிற்கும் ஒரு குழந்தையின் உயிர் அப்பழக்கத்தைப் பொறுத்ததாயிருத்தல் கூடும்.