எடிர்னேக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: இஸ்தான்புல் பயணத்தில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது. எல்லையோர எடிர்னே நகருக்குப் போய்வரலாமா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: தாராளமாக. பஸ்ஸில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். கிரேக்க, பல்கேரிய எல்லைகள் இரண்டும் பக்கத்திலேயே. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரைத் தாங்கிய பழைய ஏட்ரியனோபிள் இதுதான். 14ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான்கள் கைக்கு வந்து, 1453 வரை அவர்களின் தலைநகராக இருந்தது.

போனவர்கள் எல்லோரும் நேரே ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய செலிமியே பள்ளிவாசலுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1414-ல் முடிந்த பழைய பள்ளிவாசல்: ஒன்பது சிறு குவிமாடங்கள், சுவரில் பிரம்மாண்டமான அரபு எழுத்துகள். அடுத்து 1447-ல் முடிந்த உச் செரஃபெலி பள்ளிவாசல். அங்கே ஒரே குவிமாடம் சுமார் 24 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. அதன் பிறகு 1575-ல் முடிந்த செலிமியேயின் 31 மீட்டர் குவிமாடத்தின் கீழே நின்றால், 160 ஆண்டுக் கட்டடக்கலை வளர்ந்த வழி தானே புரியும். மூன்றும் நடக்கும் தூரம்தான்.

துஞ்சா ஆற்றங்கரையில் சுல்தான் இரண்டாம் பயாசித் 1488-ல் கட்டிய மருத்துவமனை இருக்கிறது. மனநோயாளிகளுக்கு இசையும் நீரோசையும் மருந்தாகக் கொடுத்த இடம், இப்போது அருங்காட்சியகம். அதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.