நரைக்காத புலவரும் நரைத்த நானும்

இந்த இதழ்ப் பாடத்துக்குப் புறநானூற்றின் 191-ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஏழே அடிகள். பாடியவர் பிசிராந்தையார், பாண்டிய நாட்டவர். உறையூர்க் கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புக் கொண்டவர். பிள்ளைகளோடு மனம் கசந்த சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது தேடி வந்தார். உம்மைக் கேள்விப்பட்டே பல ஆண்டுகள் ஆயினவே, இன்னும் நரைக்கவில்லையா என்று அங்கிருந்த சான்றோர் கேட்டார்கள். அதற்கு அவர் தந்த விடைதான் இப்பாட்டு. நண்பனோடு தாமும் வடக்கிருக்க வந்தவரின் விடை என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

காரணங்கள் ஐந்து சொல்கிறார்: மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர். உணவு, உடற்பயிற்சி பற்றிப் பேச்சே இல்லை. தம் திறமை பற்றியும் ஒரு சொல் இல்லை. ரயில்வேயில் எத்தனையோ பிரிவுபசார விழாக்களுக்குப் போயிருக்கிறேன். இப்படி ஒரு கணக்கை யாரும் படித்துக் கேட்டதில்லை.

மனைவிக்கு அவர் தரும் அடைமொழி 'மாண்ட'. மாட்சிமை பொருந்திய என்று பொருள். இன்று நம் பிள்ளைகள் அதை 'இறந்துபோன' என்றே படிப்பார்கள். எனக்கு இரண்டு பொருளும் பொருந்தும். அவள் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

மக்கள் அறிவால் நிறைந்தவர்கள் என்கிறார். என் மகள் வேறு மாநிலத்தில் இருக்கிறாள், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். குறையில்லை.

அடுத்த சொல் 'இளையர்'. ஏவல் செய்வோர். தாம் கருதியதையே அவர்களும் கருதுவார்கள் என்கிறார் புலவர். இங்கே நான் சற்று நின்றுவிடுவேன். விதர்பாவில் 38 ஆண்டுகள் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் குளிர்கால இரவில் சுருங்கி முறியக்கூடும். மே மாத உச்சி வெயிலில் நீள வழியின்றி நெளியக்கூடும். அந்த இரண்டு நேரத்திலும் பாதையில் நடந்து பார்ப்பவர்கள் கேங்மேன்கள். முறிவைக் கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டி, தண்டவாளத்தில் டெட்டனேட்டரைப் பொருத்தி வண்டியை நிறுத்த வேண்டும். டிப்ளமோ படித்த நான் இரவில் தூங்கினேன் என்றால், என் கண்ணாகவே ஒருவர் கைவிளக்கோடு நடந்துகொண்டிருந்தார். சுற்றறிக்கை போட்டு வரவழைக்கக்கூடியதல்ல அது.

அரசனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது.

கடைசிக் காரணம் ஊர். அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் இருக்கும் ஊர். புலவர் அதைத் தாம் வாழும் ஊர் என்கிறார். பிறந்த ஊர் என்று சொல்லவில்லை. வெளிமாநிலத்தில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த 23 நாளும் எனக்கு வரணும் பாத்தும் டப்பாவில் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள். காகூ என்போம். அவருக்கு எண்பது நெருங்குகிறது. மூட்டுவலியோடு இரண்டு மாடி ஏறி வருவார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக்கூடாது என்பாள் என் மனைவி. இப்போது நான் வைக்கும் ரசத்தை ஊற்றிக் கொடுக்கிறேன். புளி அதிகம் என்று சொல்லிக்கொண்டே குடிக்கிறார்.